முன்குறி தெரிகிறதா?

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே,

நான் ஓய்வுபெற்ற அன்று கேக் வெட்டி, "உங்க அனுபவத்துலேர்ந்து நாலு வார்த்தை சொல்லுங்க" என்றீர்கள். வாய் நிறைய கேக் இருந்ததால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். கேக் இல்லாமல் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சொல்வதற்கு என்னிடம் அறிவுரை கிடையாது. முட்டாள்தனங்கள்தான் கைவசம் உண்டு. அவற்றில் ஒன்றை எழுதித் தருகிறேன். படித்துச் சிரித்துவிட்டு, ஞாபகத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் தொழில் என்ன? ஒரு பொருளைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது தேறும், இது தேறாது" என்று சொல்வது. அவ்வளவுதான். கோயம்புத்தூரில் தண்ணீர் பம்புகளை வைத்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிட்னிக்கு வந்தபின், லிட்கம்மில் போட்டிக்குச் சுடும் துப்பாக்கி விற்கும் நம் கடையில், ரைபிள்களை வைத்துச் சொன்னேன். நடுவில் சில மாதங்கள் எதையும் சொல்ல ஆளில்லாமல் மெரிலேண்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்தில் மனைவி வாங்கி வந்த கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது தேறாது" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

கடையின் முதலாளி ஒரு பெண். அப்பா விட்டுப்போன கடையை முப்பது வயதில் எடுத்து நடத்தினார். செம்பட்டை முடி, கட்டை விரலில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி, பேச்சு ரொம்பச் சுருக்கம். என்னைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர். இருந்தாலும் வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது "முதலாளியம்மா" என்றே சொல்வேன். சம்பளம் கொடுக்கிறவரை வேறு எப்படிச் சொல்வது? அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். என் தமிழில் தருகிறேன்.

நேர்முகத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி, "துப்பாக்கி பிடிச்சிருக்கியா?"

"இல்லை. பம்பு பிடிச்சிருக்கேன். ரெண்டும் குழாய்தானே, அழுத்தம் கொடுத்தா ஒரு பக்கமா வெளியே தள்ளுது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "திங்கட்கிழமை வா" என்றார். உரிமம், வகுப்பு, தேர்வு எல்லாம் முடித்து நான் உண்மையில் வேலையில் சேர்ந்தபோது அந்தத் திங்கட்கிழமை வந்து போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

நான் சோதித்த முதல் துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே சட்டம் கறார். கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் குட்டை ரைபிளுக்குக் கார்பைன் என்று பெயர். அதில் தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை சாதாரண உரிமத்துக்குக் கிடையாது. நம் கடையில் விற்றதெல்லாம் லீவர் வகை. விரல்களை ஒரு வளையத்துக்குள் விட்டு, கீழே தள்ளி மேலே இழுத்தால் ஒரு தோட்டா ஏறும். நான் அந்த லீவரை, தூளியில் பிள்ளை தூங்கும் அறையின் கதவைத் திறப்பதுபோல மெதுவாக இழுத்தேன். பாதியில் தோட்டா சிக்கிக்கொண்டது. இன்னொரு முறை இழுத்தேன், மறுபடியும் சிக்கிற்று. "தேறாது" என்று கம்பீரமாகச் சொன்னேன்.

முதலாளியம்மா அதை வாங்கினார். சட்டையில் ஒட்டிய எறும்பைத் தட்டுகிற வேகத்தில் லீவரை அடித்தார். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின.

"போட்டியில இதை யாரும் கொஞ்சமாட்டாங்க" என்றார்.

அன்று நான் கற்றுக்கொண்டது, பொருளை எவன் எப்படிப் பயன்படுத்துவானோ அப்படிச் சோதிக்க வேண்டும் என்பது. கற்றுக்கொண்டேன் என்று நினைத்தேன் என்பதே சரி. ஏனென்றால் அடுத்து வருவது 2011 அக்டோபர்.

அந்த வசந்தத்தில் ஒரு ஐரோப்பியத் தயாரிப்புக் கார்பைன், மாதிரிக்கென்று ஒன்றே ஒன்று கடைக்கு வந்தது. அதை இறக்குமதி செய்பவர்களின் விற்பனையாள், பளபளவென்று சவரம் செய்த ஒரு மனிதர், "இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் சீசனுக்கு ஒரு பெரிய சரக்கு எடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முந்தைய ஆண்டு வாங்கிய ஒரு சரக்கு பாதி விற்காமல் கடையின் பின்னறையில் தூசி தின்றுகொண்டிருந்தது. இன்னொரு தடவை அப்படி ஆனால் அப்பாவின் கடையை மூட வேண்டியதுதான் என்று முதலாளியம்மா என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார். "நீ சொல்றதை வெச்சுத்தான் கையெழுத்து போடுவேன்" என்றார். எனக்குக் கழுத்துக்குப் பின்னால் வேர்த்தது. பெருமையாகவும் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் ஜாக்கிரதையாக இருங்கள்.

துப்பாக்கி வந்து சேர்ந்தது மாலையில். பெட்டியைத் திறந்து மூடியதோடு சரி. மறுநாள் ஆயுத பூஜை.

கோயம்புத்தூர்க்காரனுக்கு ஆயுத பூஜை எப்படி என்று மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தீபாவளிக்கு லீவு கேட்காதவன்கூட அன்றைக்குப் பட்டறையைக் கழுவிவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு நிற்பான். லிட்கம்மிலும் நான் அதை விடவில்லை. கடையின் பின்பக்கப் பட்டறையில் லேத், டிரில், வைஸ், ஸ்பானர் வரிசை எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் தொட்டு, மேலே குங்குமம் வைத்தேன். எண்ணெய் ஊறிய இரும்பில் வெறும் சந்தனம் நிற்காது, உதிர்ந்துவிடும். அதற்கு எங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு வழி உண்டு. குழைக்கும்போது ஒரு சொட்டு வார்னிஷ் விடுவது. ரைபிள் கட்டைக்குப் பூசும் வார்னிஷ் கையருகிலேயே இருந்தது. விட்டேன்.

பூஜை நடக்கும்போது முதலாளியம்மா எட்டிப் பார்த்தார். சுண்டலை ஒரு கை அள்ளிக்கொண்டு, "நானும் ஒண்ணு வைக்கலாமா?" என்று கேட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். தட்டை அப்படியே அவர் கையில் கொடுத்து, "மனசுக்குப் பட்ட இடத்துல வைங்க" என்றேன். அதற்குள் வாசல் மணி அடித்ததால் வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டேன்.

அடுத்த நாள், நான் எங்கெங்கே பொட்டு வைத்தேனோ அங்கெல்லாம் துடைத்தேன். புதிய கார்பைனின் கட்டையிலும் லீவரிலும் வைத்திருந்தேன், அவற்றையும் துடைத்தேன். வாக்கியத்தைக் கவனித்தீர்களா? நான் வைத்த இடங்களை எல்லாம் துடைத்தேன்.

சனிக்கிழமை, நகரத்துக்கு மேற்கே யூகலிப்டஸ் காட்டுக்குள் இருக்கும் சுடுதளத்துக்குக் கார்பைனைக் கொண்டுபோனேன். அங்கே நடப்பது இரும்பு உருவங்களைச் சுட்டுச் சாய்க்கும் போட்டி. முதலில் கோழி, கொஞ்சம் தள்ளிப் பன்றி, அதற்கப்பால் வான்கோழி, கடைசியில் வெகுதூரத்தில் செம்மறிக்கடா. எல்லாம் தகட்டில் வெட்டியவை, கறுப்புச் சாயம் அடித்தவை. குண்டு பட்டால் 'டங்' என்று விழும். தொலைநோக்கிக் கண்ணாடி எதையும் பொருத்தக் கூடாது. குழல் முனையில் ஒரு சின்னத் தகடு நிற்கும், அது முன்குறி. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம், அது பின்குறி. பள்ளத்துக்குள் தகட்டை நிறுத்தி, தகட்டின் மேல் கடாவை நிறுத்தினால் கடா விழும். முன்குறி தெரியவில்லை என்றால் ஒன்றும் விழாது.

முதல்முறை அங்கே போய்விட்டு வந்து வீட்டில் பெருமையாக, "இன்னிக்கு ரெண்டு கோழி" என்றேன். "புரட்டாசியிலயா?" என்று மனைவி கேட்டாள். இரும்புக் கோழி என்று விளக்கியபின்னும் என்னைக் குளித்துவிட்டு வரச் சொன்னாள்.

அந்தச் சுடுதளத்தில் எனக்குத் தமிழில் பேச ஒரே ஆள், பரமேஸ்வரி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். ஹோம்புஷில் ஒரு அடுக்ககத்தில் தனியாக இருந்தார். மருத்துவ ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்குள் பார்க்கிற வேலை. கணவர் ஊரிலேயே, பல வருஷங்களுக்கு முன் இறந்துபோனார். எப்படி என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். யார் மூத்தவர் என்ற கணக்கைத் தீர்த்துக்கொள்ள இருவருக்குமே தைரியம் இல்லை.

கூட வேலை செய்த ஒரு பெண் கூப்பிட்டு, சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர், மூன்று நான்கு வருஷத்தில் கிளப்பின் அணியில் ஒருவராகிவிட்டார். "உங்களுக்கு எப்படிக்கா இதுல ஆசை வந்துச்சு?" என்று ஒருதரம் கேட்டேன்.

"அங்க துவக்குச் சத்தம் கேட்டால் நாங்கள் ஓடுறது, அண்ணை. இஞ்ச அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில நிண்டு, நான் சொல்லேக்கதான் அது வெடிக்குது. அது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

அந்த ஆண்டு அவருக்குக் கண் இறங்கிவிட்டது. வெள்ளெழுத்து. நுண்ணோக்கிக்குக் குறையில்லை, ஆனால் கறுப்பு முன்குறியைக் கறுப்புக் கடாவின் மேல் வைத்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது என்றார். கண்ணாடி மாற்றிப் பார்த்தார், சரியாகவில்லை. அடுத்த சனிக்கிழமை கிளப்புகளுக்கு இடையிலான போட்டி. அணித் தலைவர் நல்ல மனிதர், "வேண்டுமானால் இந்த முறை ஓய்வெடு, பரம்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். நல்ல மனிதர்கள் அப்படித்தான் வெளியே அனுப்புவார்கள்.

"இதை விட்டால் எனக்குச் சனிக்கிழமையில வேற ஒண்டும் இல்லை, அண்ணை" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவரிடம் புதிய கார்பைனைக் கொடுத்தேன். "சுட்டுப் பாருங்கக்கா."

தோளில் வைத்தார். பிறகு மெதுவாக, "அண்ணை, எனக்கு முன்குறி தெரியுது" என்றார். "வடிவாத் தெரியுது!"

டங். கடா விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். கிளப்பில் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். ஒவ்வொருவரும் வாங்கிச் சுட்டுவிட்டு, "இந்த முன்குறி மாதிரி நான் பார்த்ததே இல்லை" என்றார்கள். கடைசியில் நானும் குனிந்து பார்த்தேன். தகட்டின் முதுகில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. அதைச் சுற்றி மெல்லிய மஞ்சள் விளிம்பு.

தம்பி தங்கைகளே, பிறந்ததிலிருந்து பார்த்த நிறம் அது. அம்மா நெற்றியில், மாரியம்மன் கோயில் தூணில், பட்டறை லேத்தின் தலையில், புது ஸ்கூட்டர் விளக்கில், எலுமிச்சம்பழத்தின் வெட்டுவாயில் பார்த்தது. அதையே ஒரு ரைபிள் முனையில் பார்த்ததும் என் புத்திக்கு என்ன பட்டது தெரியுமா? 'ஐரோப்பாக்காரன் ஐரோப்பாக்காரன்தான். வயசான கண்ணுக்கு எப்படி யோசிச்சிருக்கான் பாரு!'

முதலாளியம்மாவிடம் போய், "முன்குறி அபாரம். அதுக்காகவே விக்கும்" என்றேன். லீவர் நன்றாக ஓடுகிறது, குறுந்தோட்டா, நெடுந்தோட்டா இரண்டும் சிக்காமல் ஏறுகின்றன என்பதையும் சொன்னேன். அவை உண்மை. ஆனால் அப்படி ஓடும் கார்பைன் வேறு நான்கு கம்பெனியிலும் உண்டு. எங்களைச் சரக்கு எடுக்கத் தூண்டியது முன்குறிதான். விற்பனையாளை அடுத்த சனிக்கிழமை சுடுதளத்துக்கே வரச் சொன்னார் முதலாளியம்மா. போட்டியைப் பார்த்துவிட்டு அங்கேயே கையெழுத்து. கடையின் மாதிரியை அக்கா போட்டியில் சுடுவது என்றும் ஏற்பாடானது. அணியில் இருப்பதாக அக்கா தலைவரிடம் சொல்லிவிட்டார். நான் அந்த வாரம் முழுவதும் தரையில் கால் படாமல் நடந்தேன்.

போட்டி நாள். நல்ல வெயில், காட்டு ஈக்கள் முகத்தைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தன. விற்பனையாள் முதலாளியம்மாவின் கார் பானெட்டின் மேல் காகிதங்களைப் பரப்பி, பறக்காமல் இருக்கத் தன் தொப்பியை மேலே வைத்திருந்தார். அக்கா மேசையருகில் கார்பைனைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடக் கை. எதைத் தொடுவதற்கு முன்னும் துடைக்கும். கரைப்பானில் நனைத்த துணியால் குழலைத் துடைத்து, முன்குறியையும் ஒரு அழுத்து அழுத்தித் துடைத்தார்.

துணி சிவந்தது.

அக்கா அதை மூக்கருகில் கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணை, இஞ்ச ஒருக்கா வாங்கோ."

போனேன். துணியை என் மூக்குக்கு நீட்டினார். கரைப்பான் நாற்றத்துக்கு அடியில் சன்னமாகச் சந்தனம் மணத்தது.

"இது குங்குமம்" என்றார் அக்கா.

கார்பைனை வாங்கிப் பார்த்தேன். முன்குறி அட்டைக் கறுப்பு. பூஜை, தட்டு, சுண்டல், "மனசுக்குப் பட்ட இடத்துல வைங்க" என்று நானே சொன்னது, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. முதலாளியம்மாவின் மனசுக்குப் பட்ட இடம் முன்குறி; தான் வைத்ததையும் நான் துடைத்திருப்பேன் என்று அவர் நம்பியிருப்பார். துப்பாக்கிக்காரர் மகள், வேறு எந்த இடம் படும்?

அந்த நேரத்தில் நான் யோசித்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதை எழுதிப் பயனில்லை. காரில் குங்குமச் சிமிழ் இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் மறுபடி ஒரு பொட்டு வைத்துவிட்டால் போட்டி நடக்கும், கையெழுத்தும் விழும். சரக்கு வந்தபின் ஒவ்வொன்றுக்கும் நானே பின்னறையில் உட்கார்ந்து பொட்டு வைத்துக்கொடுத்தால் போயிற்று. ஆயுசு முழுக்க ஆயுத பூஜை. இந்தத் திட்டம் எனக்கு ஒரு நிமிஷம் ரொம்ப நியாயமாகவே பட்டது. நெருக்கடியில் வருகிற முதல் யோசனை எப்போதும் நம் மானத்தைக் காப்பாற்றுகிற யோசனையாகவே இருக்கும். அதை அடையாளம் கண்டுகொள்ள அதன் வேகம் ஒன்றே போதும்.

"அந்தப் பிள்ளை கையெழுத்து வைக்கப்போகுது" என்றார் அக்கா, காரின் பக்கம் பார்த்து.

"தெரியுதுங்க்கா."

"தெரிஞ்சால் போங்கோவன்."

"சொன்னா இதை நீங்க சுட முடியாதுங்க்கா. கறுப்பு முன்குறி."

"அது என்ர பாடு. நீங்கள் போங்கோ."

போனேன். சிவந்த துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, விற்பனையாள் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் தனியாகப் போனால் கதையைக் கொஞ்சம் மழுப்பிவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

முதலாளியம்மா துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ அந்தச் சிவப்பு..."

"நீங்க வெச்சதுங்க."

"நீ ஏன் கண்டுபிடிக்கலை?"

"ஐரோப்பியத் தொழில்நுட்பம்னு நினைச்சேன்."

அவர் துணியை வாங்கி முகர்ந்தார். பிறகு, "நீ சோதிச்சது துப்பாக்கியை இல்லை, உன் சாமியை" என்றார். விற்பனையாள் சமாளித்துக்கொண்டு, "ஒவ்வொன்றோடும் ஒரு சாயப் புட்டி சேர்த்துத் தருகிறோமே" என்றார். முதலாளியம்மா அவர் தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். காகிதங்கள் பறந்தன. அவற்றைத் துரத்திப் பொறுக்கியவன் நான்தான். என்னுடைய அன்றைய வேலைகளில் உருப்படியானது அது ஒன்றே.

இங்கே கதை முடிந்திருந்தால் நல்ல பாடம் ஒன்றோடு உங்களை அனுப்பியிருப்பேன். ஆனால் அக்கா இருந்தார்.

போட்டிக்கு நேரம் நெருங்கிவிட்டது. அணித் தலைவர் மாற்று ஆளைத் தயாராகச் சொல்லிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நின்றார். அக்கா தன் காருக்குப் போய்த் தன்னுடைய பழைய ரைபிளை எடுத்து வந்தார். நேராகப் போட்டி நடுவரிடம் போனார். ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார்: முன்குறிக்கு நிறம் பூசலாமா?

நடுவர் விதிப் புத்தகத்தையே மனப்பாடம் செய்த ஆசாமி. முன்குறியை மாற்றக் கூடாது, அரம் வைத்து ராவக் கூடாது, எதையும் ஒட்டக் கூடாது, நிறம் பூசலாம் என்றார். "என்ன நிறம்?" என்று கேட்டார்.

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வருகிற சிவப்பு" என்றார் அக்கா.

"சாப்பிடுகிற மஞ்சளா?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, தடையில்லை என்றார்.

நான் ஓடிப்போய்க் காரிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து வந்தேன். ஒட்டுவதற்கு அக்காவின் பையில் வாஸ்லின் இருந்தது. சிமிழைத் திறந்து அவர் முன் நீட்டப் போனேன்.

கை பாதியில் நின்றுவிட்டது.

நான் நிறுத்தவில்லை. அது தானாகவே நின்றது. அக்காவின் வெறும் நெற்றி என் கண்ணெதிரே இருந்தது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில், குங்குமத் தட்டைச் சுற்றிக் கொண்டுவரும்போது கணவரை இழந்த சித்தி ஒருவரின் முன்னால் மட்டும் தட்டு நிற்காமல் தாண்டிப்போகும். சின்ன வயதிலிருந்து பார்த்தது. அது தப்பு என்று மேடை போட்டுப் பேசக்கூடியவன்தான் நான். ஆனால் என் கை அந்தப் பேச்சைக் கேட்டிருக்கவில்லை. "நானே வெச்சுத் தர்றேங்க்கா" என்று உளறிக்கொண்டு சிமிழைப் பின்னால் இழுத்தேன்.

அக்கா என் கையைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. எனக்கு அங்கேயே புதைந்துபோகலாம் போலிருந்தது. வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு அன்றுதான் முழுசாகத் தெரிந்தது. முன்குறியைக் கோட்டைவிட்டதெல்லாம் அதற்கு முன்னால் தூசு.

"தாங்கோ அண்ணை" என்றார். "துவக்குக்குத்தானே வைக்கிறன். அதுக்குப் புருஷன் இருக்கோ இல்லையோ எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

கொடுத்தேன். வாஸ்லினில் குங்குமத்தைக் குழைத்தார். நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டில் துளி வைக்கிற கவனத்தோடு, மோதிர விரல் நுனியால் முன்குறியின் முதுகில் ஒரு பொட்டு வைத்தார். தோளில் ஏற்றிப் பார்த்தார்.

"தெரியுதுங்களா?" என்றேன்.

"ஓம்" என்றார். வரிசைக்குப் போய் நின்றார்.

எங்கள் கிளப் அன்று தோற்றது. ஒழுங்காகவே தோற்றது. தலைவரே இரண்டு பன்றிகளைக் கோட்டைவிட்டார். அக்கா தன் வரிசைக் கடாக்களில் ஒன்றே ஒன்றைத்தான் நிற்கவிட்டார். கடைசிக் கடா விழ ரொம்ப நேரம் யோசித்தது. ஆடி, ஆடி, பிறகு 'டங்' என்று போயிற்று. எங்கள் பக்கத்து நரைத்த தலைகள் எல்லாம் அவரிடம் ஓடின. அடுத்த சனிக்கிழமை ஆளாளுக்கு ஒரு சிவப்புப் பொட்டு வைத்த ரைபிளோடு வந்து நின்றார்கள். என் மனைவி கோயிலில் வாங்கி வைத்திருந்த குங்குமம் அந்த மாதமே தீர்ந்துபோனது. புதிய கார்பைன் வாங்க வேண்டிய அவசியம் ஒருவருக்கும் இருக்கவில்லை. ஒரு கடை ஊழியன் தன் கடைக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய சேவை அது.

முதலாளியம்மா என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. மாறாக ஒரு வழக்கம் கொண்டுவந்தார். நீங்கள் இன்றும் அதைக் கடைப்பிடிக்கிறீர்கள், காரணம் தெரியாமல். மாதிரி எதுவானாலும், சோதிக்கும் ஆள் அல்லாத இன்னொருவர் அதை முழுக்கத் துடைத்துக் கொடுத்தபின்தான் சோதனை. ஆயுத பூஜையும் நின்றுவிடவில்லை. மாதிரிகளை மட்டும் அன்றைக்கு இரும்பு அலமாரியில் பூட்டிவிடுவார். ஒரு பொருள் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்குமுன், அதில் நம் கை எவ்வளவு, அதன் குணம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் கை தானாக என்னென்ன செய்யும் என்பது நமக்கே தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோதிக்கிறவன் கண்ணில் பட்டதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று உங்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். அன்று ஒன்று கண்ணில் பட்டும் நான் சொல்லவில்லை.

வெயிலில் அத்தனை நேரம் நின்று சுட்டபோது, முகத்தில் உட்கார்ந்த ஈக்களை அக்கா கையால் விரட்டியிருக்கிறார். விரலில் மிச்சமிருந்த குங்குமம் நெற்றியில் இழுபட்டிருந்தது. ஏறக்குறைய நடுவில். வாழ்த்துச் சொல்ல வந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான். பேசாமல் தோட்டா உறைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

சாமான்களை ஏற்றும்போது அக்கா தன் காரின் பக்கக் கண்ணாடியில் குனிந்து முடியை ஒதுக்கினார். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். முதலாளியம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனசு. ஒரு டிஷ்யூவை உருவிக்கொண்டு வந்து, "பரம், உன் நெற்றியில அந்தச் சிவப்பு ஒட்டியிருக்கு" என்று நீட்டினார்.

"ஐ நோ" என்றார் அக்கா. டிஷ்யூவை வாங்கி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, வண்டியை எடுத்தார்.